நீங்கள் செய்த பெட்டிக்கு ‘கம்பெனி’ முகப்பு!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. படம் பார்க்கிறீர்கள், பாட்டு கேட்கிறீர்கள், மின்கட்டணம் கட்டுகிறீர்கள். வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ளவர் யாராவது இருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு நல்ல வேலையும் கொடுக்கலாம். ஆம்ப்ளிஃபயர், பேட்டரி சார்ஜர், மோட்டார் வேகக் கட்டுப்பாடு என்று எதையாவது செய்து ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். உள்ளே சர்க்யூட் பிரமாதமாக இருக்கும். வெளியே பார்த்தால் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ‘ஆன்’, ‘ஆஃப்’ பாதி அழிந்திருக்கும். அல்லது மூன்று குமிழ்கள் இருக்கும், எது எதற்கு என்று செய்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த மாதப் பாடம் அந்த முகப்பைப் பற்றியது. கம்ப்யூட்டரில் வரைந்து, அளவு பிசகாமல் அச்சடித்து, பெட்டியில் பொருத்துவது வரை பார்ப்போம். தேவையான சாஃப்ட்வேர் இலவசம். கம்ப்யூட்டருக்குப் புதியவர்களும் இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.

முன்பெல்லாம் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? லெட்ராசெட் என்று ஒரு ஷீட் வரும். பிளாஸ்டிக் தாளின் பின்புறம் எழுத்துகள் ஒட்டியிருக்கும். பேனலின் மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து இறங்கிவிடும். 1960-களிலிருந்து உலகம் முழுக்க ஓவியர்களும் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். நம் ஊர் ஆர்வலர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தோடுதான் காலம் தள்ளினார்கள். இன்று யூனிகோட் தமிழ் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆகவே நம் பேனலைத் தமிழிலேயே செய்வோம். ஏன் தமிழ் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எந்தப் பெட்டிக்கு?

நான் இருப்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். வேலை சாஃப்ட்வேர். ஆனால் தெருவில் நடந்தால் காதில் விழுவது தறிச் சத்தம். பட்டு நெசவில் ஊடை இழையைச் சின்னக் குழலில் சுற்றி, நாடாவுக்குள் வைப்பார்கள். அதைத் தார் சுற்றுவது என்போம். ராட்டையைக் கையால் சுற்றிச் செய்கிற வேலை. பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும்தான் செய்வார்கள். எங்கள் தெருவில் தார் சுற்றும் ஒரு பெரியம்மாவுக்குத் தோள்பட்டை வலி. அவர் மருமகன் ராட்டையில் ஒரு 12 வோல்ட் மோட்டாரைப் பொருத்தி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சர்க்யூட்டையும் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலை. ஆனால் பெட்டியில் ஒரு எழுத்துகூட இல்லை. மருமகன் வேலைக்குப் போய்விட்டால் பெரியம்மா பழையபடி கையால்தான் சுற்றுவார். குமிழ் அதிகத்தில் நிற்கும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் வெடுக்கென்று கிளம்பும், பட்டு இழை அறும். அந்தப் பயம்தான்.

“பெரிசா எதுவும் எழுத வேணாம் தம்பி. எங்க நிறுத்தறது, எந்த வேகத்துல அறாதுன்னு தெரிஞ்சா போதும்” என்றார். அந்தப் பெட்டிக்குச் செய்த பேனலைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெட்டி ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர் வெளியே தனியாக இருக்கிறது. 230 வோல்ட் பெட்டிக்குள் நுழைவதே இல்லை. புதிதாகச் செய்பவர்கள் இப்படியே செய்யுங்கள். உங்கள் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது, முகப்பு அலுமினியம் என்றால் அந்த உலோகத்துக்குக் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முதலில் பேப்பரும் பென்சிலும்

கம்ப்யூட்டரை ஆன் செய்யுமுன் ஒரு முடிவு எடுங்கள். முகப்பில் என்ன இருக்க வேண்டும்? என் கருத்து: தினமும் கை படுவது மட்டும்தான் முன்னால் வரவேண்டும். அடாப்டர் சாக்கெட், ஃப்யூஸ், கால் சுவிட்சுக்கான ஜாக் எல்லாம் பின்பக்கம் போகட்டும். இப்படி ஒதுக்கியதும் பெரியம்மாவின் பெட்டியில் முன்னால் மிஞ்சியது மூன்று: வேகக் குமிழ், சுவிட்ச், ஒரு எல்.இ.டி.

அடுத்து துளை அளவு. வேகக் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் சிறிய வகைக்குப் பெரும்பாலும் 7 மி.மீ. துளை. பெரிய பழைய வகைக்கு 9.5 மி.மீ. வரை வேண்டும். கடைகளில் எங்கும் கிடைக்கும் சிறிய ராக்கர் சுவிட்சுக்கு 19 மி.மீ. உயரம், 13 மி.மீ. அகலத்தில் செவ்வக ஓட்டை. சாதாரண எல்.இ.டி.க்கு 5 மி.மீ., அதற்குப் பிளாஸ்டிக் அல்லது உலோக ஹோல்டர் போட்டால் இன்னும் அதிகம். இந்த எண்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். கையில் இருக்கும் பொருளை வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலிப்பர் இல்லையென்றால் ஸ்டீல் ஸ்கேல் போதும். கம்பெனிக்குக் கம்பெனி அரை மி.மீ. மாறும்.

பேனலின் அளவு 150 மி.மீ. அகலம், 80 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இடது மேல் மூலையிலிருந்து அளந்தால் குமிழின் மையம் குறுக்கே 50, கீழே 45. சுவிட்சின் மையம் குறுக்கே 115, கீழே 34. எல்.இ.டி.யின் மையம் குறுக்கே 115, கீழே 60. ஒரு பேப்பரில் வரைந்து, பொருட்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். குமிழைத் திருப்பும் விரல் சுவிட்சில் இடிக்கிறதா? உள்ளே சர்க்யூட் போர்டு தடுக்கிறதா? இதை இப்போதே பார்த்துவிட வேண்டும்.

இங்க்ஸ்கேப்

வேர்டில் வரையலாமே என்று கேட்கலாம். வரையலாம், ஆனால் மி.மீ. கணக்கில் துல்லியமாக வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். போட்டோஷாப்பும் இதற்கு ஏற்றதல்ல. அது புள்ளிகளால் படம் போடுவது, பெரிதாக்கினால் ஓரம் சொரசொரப்பாகும். நமக்குத் தேவை வெக்டார் சாஃப்ட்வேர். கோட்டையும் வட்டத்தையும் கணக்காக வைத்திருக்கும், எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாக இருக்கும். கடைக்காரர்கள் கோரல்டிரா வைத்திருப்பார்கள், அது விலைக்கு. நமக்கு இங்க்ஸ்கேப். 2003-ல் தொடங்கிய இலவச சாஃப்ட்வேர். 2020-ல் 1.0 பதிப்பு வந்தது. அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பானாலும் சரி. இங்க்ஸ்கேப் டாட் ஆர்க் என்ற தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் கூடவே தேவையில்லாத சரக்கும் வரும்.

இன்ஸ்டால் செய்து திறந்ததும் முதல் வேலை, எடிட் மெனுவில் ப்ரெஃபரன்ஸஸ் போய், டூல்ஸ் என்பதைக் க்ளிக் செய்து, பவுண்டிங் பாக்ஸ் என்ற இடத்தில் ‘ஜியோமெட்ரிக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் தடிமனையும் சேர்த்து அளவு காட்டும். 7 மி.மீ. வட்டம் 7.2 என்று வந்து உங்களைக் குழப்பும்.

அடுத்து ஃபைல் மெனுவில் டாகுமென்ட் ப்ராப்பர்ட்டீஸ். அலகு மி.மீ. என்று மாற்றுங்கள். பக்கத்தின் அகலம் 150, உயரம் 80 என்று கொடுங்கள். பக்கமே நம் பேனல். இனி எக்ஸ், ஒய் என்று காட்டும் எண்கள் எல்லாம் பேனலின் இடது மேல் மூலையிலிருந்து அளந்தவை. அதே விண்டோவில் க்ரிட்ஸ் என்ற பகுதியில் 5 மி.மீ. இடைவெளியில் ஒரு செவ்வகக் கட்டம் போடுங்கள்.

இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பட்டுப்புடவையின் பார்டரில் அன்னமும் யாளியும் வருவதற்கு முன் அவை கிராஃப் தாளில்தான் கட்டம் கட்டமாக வரையப்படும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். ஜக்கார்டு பெட்டி அந்த ஓட்டைகளைப் படித்துப் பாவு இழைகளைத் தூக்கும். பிரான்ஸில் ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த முறை. இன்று கிராஃப் தாளின் இடத்தைப் பல இடங்களில் கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது. ஒரு கட்டம் தள்ளிக் குத்தினால் அன்னத்தின் மூக்கு உடைந்துவிடும். நம் பேனலிலும் அதே கண்டிப்பு வேண்டும்.

இரண்டு லேயர்

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லேயர் விண்டோ வரும். ‘துளை’ என்று ஒன்று, ‘எழுத்து’ என்று ஒன்று, இரண்டு லேயர் உருவாக்குங்கள். துளை லேயரை மட்டும் அச்சடித்தால் டிரில் போடுவதற்கான வழிகாட்டித் தாள் கிடைக்கும். இரண்டும் ஒரே ஃபைலில் இருப்பதால் துளையும் எழுத்தும் ஒன்றுக்கொன்று விலகாது.

துளை லேயரில் நின்றுகொண்டு வட்டக் கருவியால் எப்படியோ ஒரு வட்டம் வரையுங்கள். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். எஃப்1 அழுத்தி அம்புக்குறிக் கருவிக்கு வாருங்கள். மேலே எக்ஸ், ஒய், அகலம், உயரம் என்று நான்கு கட்டங்கள் தெரியும். அகலம் 7, உயரம் 7. மையம் 50, 45-ல் இருக்க வேண்டும். வட்டத்தின் பாதி 3.5. ஆகவே எக்ஸ் 46.5, ஒய் 41.5. அவ்வளவுதான், வட்டம் தானாகப் போய் உட்காரும். சுவிட்சுக்கு ஒரு செவ்வகம்: அகலம் 13, உயரம் 19, எக்ஸ் 108.5, ஒய் 24.5. அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே உள்ள பூட்டுப் படம் பூட்டியிருந்தால் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றை மாற்றும்போது மற்றதும் மாறும். எல்.இ.டி.க்கு 5 மி.மீ. வட்டம்: எக்ஸ் 112.5, ஒய் 57.5. எல்லாவற்றுக்கும் உள்நிறம் வேண்டாம், நீலத்தில் 0.1 மி.மீ. கோடு போதும். ஒவ்வொரு மையத்திலும் ஒரு சின்ன கூட்டல் குறி வரைந்துவிடுங்கள். கடைசியாகப் பேனலின் ஓரத்தைச் சுற்றி 150-க்கு 80 செவ்வகம். அதன் கோட்டில் பாதி பக்கத்துக்கு வெளியே போகும், பரவாயில்லை.

கடிகாரக் கணக்கு

பேனலுக்குக் கம்பெனி அழகு தருவது குமிழைச் சுற்றி இருக்கும் அளவுக் கோடுகள்தான். பலரும் பயப்படுவதும் இங்கேதான். பயமே வேண்டாம்.

சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் முழு வட்டம் சுற்றாது. சுமார் 300 டிகிரிதான் சுற்றும். 0 முதல் 10 வரை குறிக்க வேண்டுமென்றால் நடுவில் 10 இடைவெளிகள். 300-ஐப் 10-ஆல் வகுத்தால் 30. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் எத்தனை டிகிரி? அதுவும் 30. ஆக 0 என்பது 7 மணி இருக்கும் இடம், 1 என்பது 8 மணி, 5 என்பது உச்சியில் 12 மணி, 10 என்பது 5 மணி. 6 மணி இருக்கும் இடம் மட்டும் காலி. கோணமானியே வேண்டாம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சரியா தவறா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் உங்கள் பொட்டென்ஷியோமீட்டர் 300-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூர்முனைக் குமிழைப் பொருத்தி, ஒரு கோடியில் ஒரு கோடு, மறு கோடியில் ஒரு கோடு பேப்பரில் போட்டு, பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து அளந்தால் தெரிந்துவிடும். 270 என்று வந்தால் ஒரு இடைவெளிக்கு 27 டிகிரி, தொடக்கம் உச்சியிலிருந்து இடப்பக்கம் 135 டிகிரியில்.

இப்போது எழுத்து லேயருக்கு மாறுங்கள். சிவப்புக் கோட்டில் 36 மி.மீ. வட்டம் ஒன்று, எக்ஸ் 32, ஒய் 27. இது தற்காலிக வழிகாட்டி. இதன் உச்சியில், உள்பக்கமாக, ஒரு குட்டிச் செவ்வகம்: அகலம் 0.6, உயரம் 4, எக்ஸ் 49.7, ஒய் 27.2. கறுப்பு நிறம் நிரப்பி, கோடு இல்லாமல் விடுங்கள். இதுதான் நம் அளவுக் கோடு. வட்டத்துக்கு வெளியே ஒரு துளிகூட நீட்டக் கூடாது. நீட்டினால் சுற்றும் மையம் நகர்ந்துவிடும்.

வட்டம், கோடு இரண்டையும் ஷிஃப்டை அழுத்தியபடி க்ளிக் செய்து, கன்ட்ரோல், ஜி அழுத்தி ஒரே குழுவாக்குங்கள். ஆப்ஜெக்ட் மெனுவில் ட்ரான்ஸ்ஃபார்ம் திறந்து, ரொட்டேட் பகுதியில் 150 டிகிரி, இடச்சுற்று என்று கொடுத்து அப்ளை செய்யுங்கள். கோடு 7 மணிக்குப் போய்விடும். இனி கோணத்தை 30, வலச்சுற்று என்று மாற்றுங்கள். கன்ட்ரோல், டி அழுத்தினால் அதே இடத்தில் ஒரு நகல் வரும். அப்ளை. மறுபடி கன்ட்ரோல், டி. அப்ளை. இப்படிப் பத்து முறை. கண்ணெதிரே ஒவ்வொரு மணியாக நிரம்பி 5 மணியில் நிற்கும்.

முடிந்ததும் கன்ட்ரோல், ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜி அழுத்திக் குழுக்களைப் பிரித்துவிடுங்கள். ஒரு சிவப்பு வட்டத்தின் கோட்டில் க்ளிக் செய்து, எடிட் மெனுவில் செலக்ட் சேம், ஸ்ட்ரோக் கலர். பதினொரு சிவப்பு வட்டங்களும் தேர்வாகும். டெலீட் தட்டினால் கோடுகள் மட்டும் மிஞ்சும்.

தமிழ் எழுத்து

விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டு கிடைக்கும். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலம், தமிழ் மாறிக்கொள்ளலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தரப்படுத்தப்பட்ட கீபோர்டு அது. பழகச் சில நாள் ஆகும், பழகிவிட்டால் அதைவிட வேகமானது இல்லை.

எழுத்துரு? விண்டோஸிலேயே நிர்மலா இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம். எனக்குப் பேனலுக்கு முக்த மலர் பிடிக்கும், மெல்லியது முதல் தடித்தது வரை பல எடைகளில் வருகிறது. ஒரு பேனலுக்கு ஒரே எழுத்துரு, இரண்டு அளவு, போதும். கல்யாணப் பத்திரிகை மாதிரி நான்கு வகை எழுத்துரு போட்டால் பெட்டி சந்தைக்கடை ஆகிவிடும்.

ஆங்கிலப் பேனல்களைப் பார்த்துத் தமிழில் செய்யும்போது சில விஷயங்கள் இடிக்கும். அங்கே முக்கியமானதைக் கேபிடல் எழுத்தில் போடுவார்கள். தமிழில் கேபிடல் கிடையாது, ஆகவே தடித்த எடையால்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். தமிழ் எழுத்து அகலம் அதிகம் கேட்கும், மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து விரிக்கும் வசதியைத் தொடவே வேண்டாம், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் படிக்க முடியாது. 12 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். 12 பாயிண்ட் என்றால் சுமார் 4.2 மி.மீ. ண, ஞ, ற போன்ற எழுத்துகள் சிறிதானால் சுழி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். தறி இருக்கும் அறையில் வெளிச்சமும் குறைவு.

என்ன வார்த்தை எழுதுவது? ‘மின்சுழற்சி வேகக் கட்டுப்படுத்தி’ என்று எழுதினால் தமிழாசிரியர் மகிழ்வார், பெரியம்மா கண்ணாடியைத் தேடுவார். பயன்படுத்துபவர் வாயில் வரும் சொல்தான் சரியான சொல். குமிழுக்குக் கீழே ‘வேகம்’. சுவிட்சுக்கு மேல் ‘ஓட்டு’, கீழே அதைவிடத் தடிமனாக ‘நிறுத்து’. எண்கள் எனக்குத்தான் தேவை, அவருக்கு இல்லை. அவரையே குமிழைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ஜரிகைக்கு 3, பட்டுக்கு 6 என்று வந்தது. அந்த இடங்களில் கோட்டுக்கு வெளியே ‘ஜரிகை’, ‘பட்டு’ என்று எழுதினேன். சுவிட்சுக்கும் குமிழுக்கும் நடுவே ஒரே ஒரு வரி: ‘0-ல் வைத்து ஓட்டவும்’. வெடுக்கென்று கிளம்பி இழை அறும் பிரச்சினைக்கு அந்த வரிதான் மருந்து.

குறியீடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சில் நிமிர்ந்த கோடு என்றால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். ஐ.இ.சி. 60417 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ளவை இவை. டி.வி., கம்ப்யூட்டர் பட்டனில் மேலே உடைந்த வட்டமும் அதன் நடுவே கோடும் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்து உங்கள் மெயின் சுவிட்சில் போடாதீர்கள். அதற்குப் பொருள் ஸ்டாண்ட்பை, அதாவது உள்ளே மின்சாரம் இன்னும் இருக்கிறது என்பது. நிறத்திலும் அப்படியே. சிவப்பை நிறுத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அலங்காரத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

அச்சடிப்பது

ஃபைல் மெனுவில் சேவ் எ காப்பி போய், வகையைப் பி.டி.எஃப். என்று தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் ‘கன்வர்ட் டெக்ஸ்ட் டு பாத்ஸ்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். எழுத்து வெறும் வடிவமாக மாறிவிடும். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் அங்கே உள்ள பழைய சாஃப்ட்வேரில் கொம்பும் புள்ளியும் இடம் மாறி ‘வேகம்’ வேறு ஏதோ ஆகிவிடும். ஒரிஜினல் ஃபைலையும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், பாத் ஆன எழுத்தைத் திருத்த முடியாது.

பிரிண்ட் கொடுக்கும்போது ‘ஃபிட்’ என்று இருந்தால் ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த வரிதான். அச்சானதும் ஓரச் செவ்வகத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். சரியாக 150 இருக்க வேண்டும். 146, 147 என்று வந்தால் பிரிண்டர் சுருக்கியிருக்கிறது.

முதலில் துளை லேயர் மட்டும். அதைக் க்ளூ ஸ்டிக்கால் பேனலில் ஒட்டி, கூட்டல் குறிகளில் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, பிறகு 7. செவ்வக ஓட்டைக்கு உள்ளே வரிசையாகத் துளை போட்டு, உடைத்தெடுத்து, அரத்தால் ராவ வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். துளை எல்லாம் முடிந்து, பொருட்கள் உட்காருகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுத்துத் தாளை அச்சடிக்க வேண்டும்.

எதில் அச்சடிப்பது? வழிகள் பல. வீட்டில் செய்ய எளிது, வெள்ளைத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, மேலே 2 மி.மீ. தெளிவான அக்ரிலிக் தகடு வைத்து, குமிழின் நட்டாலேயே இரண்டையும் சேர்த்து இறுக்குவது. ஒட்டவே வேண்டாம், பின்னால் மாற்றுவதும் சுலபம். குமிழின் திருகுப் பகுதி நீளம் போதுமா என்று மட்டும் பாருங்கள். இங்க்ஜெட் மை ஈரக் கையில் கசியும், லேசர்தான் நல்லது. தாளை லேமினேஷன் செய்து பேனல் அளவுக்கு ஒட்ட வெட்டினால் ஓரம் திறந்துகொண்டு கொஞ்ச நாளில் உரியும், அதனால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஓ.எச்.பி. ஷீட்டிலும் செய்யலாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எச் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பும். அப்படி அச்சடித்து, மை இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்து, பின்னால் வெள்ளைத் தாள் கொடுத்தால் விரல் எவ்வளவு பட்டாலும் எழுத்து அழியாது. லேசர் பிரிண்டருக்கான ஷீட்தானா என்று கேட்டு வாங்குங்கள். மற்றது உள்ளே உருகிப் பிரிண்டரையே கெடுத்துவிடும்.

பெரியம்மாவின் பெட்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. அங்கே ஒட்டும் வினைல் ஷீட்டிலும் அடிப்பார்கள். மேலே மேட் லேமினேஷன் போடச் சொன்னால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. பேனல் சின்னது என்பதால் தனி ஷீட் வேண்டாம், வேறொருவர் வேலையின் ஓரத்தில் மீதமுள்ள இடத்தில் அடித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமுன் பேனலைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். பெட்டி பிளாஸ்டிக் என்றால் தின்னர் பக்கமே போக வேண்டாம், முகம் கரைந்துவிடும். ஒட்டும்போது ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த நீரை லேசாகத் தெளித்துவிட்டு ஒட்டினால் நகர்த்தி நேராக்க அவகாசம் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏ.டி.எம். கார்டால் நீரைத் தள்ளுங்கள். ஒரு இரவு காய்ந்ததும் புதிய கட்டர் பிளேடால் துளைகளைப் பின்பக்கமிருந்து வெட்டலாம்.

பைக்கிலும் ஆட்டோவிலும் பெயர் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் எழுத்தை வெட்டியும் வாங்கலாம். ‘நிறுத்து’ போன்ற பெரிய சொல்லுக்கு அருமை. 10 மி.மீ.க்குக் குறைந்த தமிழ் எழுத்துக்குச் சரிப்படாது, உரிக்கும்போது சுழி பிய்ந்து வந்துவிடும். ஒரே மாதிரி இருபது, முப்பது பெட்டி செய்யப் போகிறீர்கள் என்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங் போங்கள். அதன் பழைய பெயர் சில்க் ஸ்க்ரீன். மை வடிகட்ட ஒரு காலத்தில் பட்டுத் துணியைத்தான் கட்டினார்கள். இப்போது பாலியெஸ்டர் வலை, பட்டு பெயரில் மட்டும்தான்.

பொருத்தும்போது நட்டுக்கு அடியில் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பேனர் சுற்றும்போது வினைலும் சுருண்டு வரும். குமிழைக் கடைசியில் மாட்டுங்கள்: பொட்டென்ஷியோமீட்டரை இடது கோடிவரை திருப்பி, முள் சரியாக 0-ல், அதாவது 7 மணியில் நிற்கும்படி வைத்துத் திருகை இறுக்குங்கள். பிறகு வலது கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். 10-ல் போய் நிற்க வேண்டும். ஒரு கோடு தள்ளி நின்றால் கோணத்தை மறுபடி அளந்து, ட்ரான்ஸ்ஃபார்மில் அந்த எண்ணைக் கொடுத்து அளவுக் கோடுகளை மட்டும் புதிதாக வரைந்தால் போதும். துளை லேயரைத் தொட வேண்டியதில்லை.

பெரியம்மாவின் பெட்டியில் முள் சரியாகவே நின்றது. இப்போது எதிர்வீட்டுக்காரர் ஒரு பெட்டி கேட்கிறார். அவர் ஒற்றை இழை, இரட்டை இழை என்று குறிக்கச் சொல்லியிருக்கிறார். ஃபைலைத் திறந்து இரண்டு சொல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.